இயங்குதளச் செலவு பூஜ்யம் என்று எழுதாதீர்கள்

கைபேசித் தயாரிப்பாளர்களுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்வது என் தொழில். வரும் திட்ட அறிக்கைகளில் "இயங்குதளச் செலவு: பூஜ்யம்" என்ற வரி தவறாமல் இருக்கிறது, சென்ற வாரமும் ஒன்று வந்தது, பொறுமை போய்விட்டது.

இலவசமாகக் கிடைப்பது ஆண்ட்ராய்டின் திறமூல நிரல், அதாவது யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய நிரல், மட்டுமே. பிளே ஸ்டோரும், எண்ணற்ற செயலிகள் நம்பியிருக்கும் பிளே சர்வீசஸும் கூகுளின் சொத்து. அவற்றுக்கு ஒப்பந்தம் போட வேண்டும், ஒவ்வொரு மாடலும் ஆண்ட்ராய்டு செயலிகள் அதில் சரியாக ஓடுமா என்று பார்க்கும் பொருந்துதன்மைச் சோதனையில் தேற வேண்டும். நிரலைத் திருத்தி நம் பெயரை ஒட்டிவிட்டால் சொந்த இயங்குதளம் ஆகிவிடும் என்பவர்கள், சான்று பெறாத போன் ஒன்றில் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கட்டும்; பல செயலிகள் கடவுச்சொல் கேட்கும் முன்பே கதவைச் சாத்திவிடும். 2012 செப்டம்பரில் சீன நிறுவனமான அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஏசர் வெளியிடவிருந்த போன், கூகுளின் எதிர்ப்பால் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. உடனே சொந்தத் தளத்தில் பிழைத்ததாகச் சீனாவின் ஹுவாவேயைக் காட்டுவார்கள். கூகுள் சேவைகளைப் பறித்த 2019 மே மாத அமெரிக்கத் தடைக்குப் பின் அதன் சொந்த ஹார்மனி தளம் பிழைத்ததற்குச் சீனா என்ற மாபெரும் உள்நாட்டுச் சந்தை காரணமாக இருந்தது. வெளிநாடுகளில் அதே நிறுவனத்தின் போன் விற்பனை சரிந்தது.

பிறர் தளத்தில் முழுவதுமாகச் சாய்வதும் ஆபத்தே. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் எதிர்காலத்தை மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் தளத்தில் வைத்தது. மறு ஆண்டு ஜூனில், அடுத்த பதிப்பான விண்டோஸ் போன் 8, நோக்கியாவின் பழைய லூமியா போன்களுக்கு வராது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, அண்மையில் வாங்கிய போன்கள் கையிலேயே பழசாயின. 2014 ஏப்ரலில் கைபேசிப் பிரிவே மைக்ரோசாஃப்டிடம் போனது; வரி வழக்கால் அந்த விற்பனையில் சேராமல் நின்ற ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது.

ஆகவே, அடுத்த பதிப்பைத் தீர்மானிப்பவர் யார் என்பதை முதலில் கேளுங்கள். சிப் வாங்குமுன் அதன் டிரைவர்களுக்கு, அதாவது சிப்பை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருளுக்கு, எத்தனை ஆண்டு ஆதரவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி செல்லாது. ஐரோப்பாவில் விற்பதானால், 2025 ஜூன் 20 முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதிகள், ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு வந்த பிறகும் ஐந்தாண்டுப் புதுப்பிப்பை எதிர்பார்க்கின்றன. தோற்றத்தை மாற்றும் ஆசையை அடக்குங்கள். மாற்றிய ஒவ்வொரு திரையையும் ஒவ்வொரு பதிப்புக்கும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும். போன் வெளியான மறுமாதமே மென்பொருள் குழுவைக் கலைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்ப வேண்டியவர்கள் அவர்கள்தான்.