இரண்டு நெருப்புப்பெட்டி அளவு நிலம்

கல்லடிக் கடற்கரையின் காய்ந்த மணலில் சைக்கிளோடு இறங்கினால் பத்து மீற்றர் போவதற்குள் முன்சில்லு மணலுக்குள் மூக்கைப் புதைக்கும். ஹான்டில் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். காலை ஊன்றாவிட்டால் விழ வேண்டியதுதான். ஆனால் கொஞ்சம் தள்ளி, அலை வந்து திரும்பும் ஈர விளிம்பில், அதே சைக்கிள் தார் றோட்டில் போவதுபோல ஓடுகிறது. மணலும் அதே மணல், ஓட்டுகிறவரும் அதே ஆள். பிறகு என்னதான் மாறியது?

ஞாயிறு காலைகளில் நாங்கள் நான்கு பேர் கல்லடியிலிருந்து புறப்படுவோம். கொஞ்ச தூரம் கடற்கரை, பிறகு ஆரையம்பதி, மண்முனைப் பாலம் தாண்டி வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை, நேரமும் வெயிலும் இடம் கொடுத்தால் தாந்தாமலை வரை. "மட்டக்களப்பில மலை எங்க இருக்கு, மலைச் சைக்கிள் ஓட?" என்று கேட்பவர்கள் உண்டு. மலை குறைவுதான். ஆனால் மணல், கிரவல், வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஓடும் வரம்பு, குளக்கட்டு, பாறை என்று ஒரே காலையில் ஐந்து வகை நிலத்தை இந்த ஊர் தருகிறது. ஒவ்வொரு நிலமும் சைக்கிளை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியபோதுதான் எனக்கு ஓட்டவும் வந்தது.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஓட்டுகிறவர் 65 கிலோ, சைக்கிள் 15 கிலோ என்று வைப்போம். மொத்தம் 80 கிலோ, அதாவது ஏறக்குறைய 176 இறாத்தல். ரயரில் சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தல் காற்று இருந்தால், அந்த எடையைத் தாங்க நிலத்தைத் தொட வேண்டிய பரப்பு 176 ஐ 40 ஆல் பிரித்தால் வருவது: சுமார் நாலரைச் சதுர அங்குலம். இரண்டு சில்லுக்கும் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டே காலுக்குக் கிட்ட. ஒரு நெருப்புப்பெட்டியின் மேல்பக்கம் இதைவிடக் கொஞ்சம் பெரிது. ரயரின் விறைப்பையும் சேர்த்தால் கணக்கு சற்று மாறும், அளவு இதுதான். நாம் திரும்புவது, நிற்பது, ஏறுவது, விழாமல் இருப்பது எல்லாம் அந்த இரண்டு நெருப்புப்பெட்டிகளின் ஊடாகவே நடக்கின்றன.

காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரண்டு மடங்காகும். அகலத்தைவிட நீளமே அதிகம் கூடும். ரயர் நிலத்தில் ஒரு சிறு பட்டியைப்போலப் படுத்துக்கொள்ளும். இந்தக் கணக்கெல்லாம் தெரியாத காலத்தில் மணலில் நான் தடுமாறியதைப் பார்த்து, மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு வந்த ஒரு ஐயா, "காத்தக் கொஞ்சம் இறக்கிட்டு ஓடு மனே" என்றார். வால்வை அழுத்திக் காற்றை விட்டேன். ஓடியது. அந்த ஒரு வரிக்குள் இருந்த பௌதிகத்தைப் பிறகு பல நாள் இருந்துதான் படித்தேன்.

காய்ந்த மணலில் மணிகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் பசை எதுவும் இல்லை. உராய்வு மட்டுமே இருக்கிறது. அதனால்தான் கையிலிருந்து கொட்டினால் ஏறக்குறைய 34 பாகைச் சரிவில் குவிந்து, அதற்கு மேல் நிற்காமல் வழிகிறது. சிறிய பரப்பில் பெரிய அழுத்தம் விழுந்தால் மணிகள் பக்கங்களுக்கு ஒதுங்கிவிடும், சில்லு இறங்கும். இறங்கிய சில்லுக்கு முன்னால் எப்போதும் ஒரு மணல் மேடு நிற்கும். ஓட்டுகிறவர் தட்டையான கரையில் போவதாக நினைப்பார். உண்மையில் தானே வெட்டிக்கொண்ட குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறார். அலாஸ்கா பனியிலும் நியூ மெக்சிக்கோ மணலிலும் ஓட்டியவர்கள் 1980களில் இதே சிக்கலுக்குத் தடித்த ரயரை விடையாகக் கண்டார்கள். இன்று நாலு அங்குல அகல ரயரில் பத்து இறாத்தலுக்கும் குறைவான காற்றோடு ஓடும் சைக்கிள்கள் அங்கிருந்து வந்தவைதான்.

ஈர மணலின் கதை இன்னும் அழகானது. மணிகளுக்கிடையில் சிறிதளவு நீர் இருந்தால், இரண்டு மணிகள் தொடும் இடத்தில் நீர் ஒரு சின்னப் பாலமாக நிற்கும். பரப்பிழுவிசை அந்த மணிகளைச் சேர்த்து இழுக்கும். பிள்ளைகள் மணல் வீடு கட்ட முடிவது இதனால்தான். நீர் அளவுக்கு மேல் போய் இடைவெளிகளை முழுதும் நிரப்பிவிட்டால் பாலங்கள் மறைந்துவிடும். அலை இப்போதுதான் புரண்ட இடம் சிலவேளை கூழ்போல இளகியிருப்பது அப்படித்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஈர மணலில் காலை ஊன்றிப் பாருங்கள்: பாதத்தைச் சுற்றி மணல் திடீரென்று வெளிறி, காய்ந்ததுபோல ஆகும். அழுத்தினால் நீர் வெளியே வரவேண்டும் என்றுதானே நினைப்போம்? நடப்பது தலைகீழ். இறுக்கமாக அடுக்கப்பட்ட மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். ஏறும்போது இடைவெளி பெருக்கிறது. மேலே நின்ற நீரை அந்த இடைவெளி உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885 இல் இதை விளக்கினார். அந்த இழுப்பு மணிகளை மேலும் இறுக்குகிறது. எனவே கடற்கரையில் ஓடும்போது முன்னால் போகும் நண்பரின் ரயரைச் சுற்றி அந்த வெளிறிய வளையம் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தால் அது நல்ல தடம்.

சரி, காய்ந்த மணலில் சில்லு புதைவது புரிகிறது. விழுவது ஏன்? சைக்கிள் ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்பதில்தான் இதற்கான விடை இருக்கிறது. சுழலும் சில்லின் சுழற்சி விளைவுதான் சைக்கிளை நிமிர்த்திவைக்கிறது என்று பலர் நம்புகிறோம், நானும் நெடுநாள் நம்பினேன். 2011 இல் ஓர் ஆய்வுக் குழு அந்தச் சுழற்சி விளைவையும், முன்சில்லு ஹான்டில் அச்சுக்குப் பின்னால் இழுபடும் விளைவையும் நீக்கி ஒரு சைக்கிளைச் செய்து, ஆளில்லாமல் தள்ளிவிட்டுக் காட்டியது. அது தானாகவே நிமிர்ந்து ஓடியது. எப்படி ஏற்பாடு செய்திருந்தாலும் சாரம் ஒன்றே: சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சில்லு திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது சில்லுகள் சாயும் உடலுக்கு அடியில் வந்து அதைத் தாங்கிக்கொள்கின்றன. தார் றோட்டில் நேராகப் போவதாக நாம் நினைக்கும்போதும் இந்தச் சின்னத் திருத்தம் ஓயாமல் நடக்கிறது.

மணலில் புதைந்த முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் சுவர். திரும்ப இடமில்லை. திருத்தம் தாமதமாகிறது, உடல் சாய்ந்துகொண்டே போகிறது. பயத்தில் நாம் ஹான்டிலை இறுக்கிப் பிடிக்கிறோம், மிச்சமிருந்த கொஞ்ச அசைவும் நின்றுவிடுகிறது. ஆகவே மணலுக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் எல்லாம் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. வேகத்தோடு உள்ளே போ. இடுப்பைப் பின்னால் நகர்த்து, முன்சில்லு இலேசாகட்டும். ஹான்டிலை விரலால் பிடி, முஷ்டியால் இறுக்காதே. பெடலை ஒரே சீராக மிதி; எழுந்து குத்தி மிதித்தால் பின்ரயர் மணலைப் பின்னால் வாரி எறிந்துவிட்டுத் தன் குழியைத் தானே தோண்டும். முன்சில்லு கொஞ்சம் அலையும். அலையட்டும். அது தன் வேலையைச் செய்கிறது.

மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும் வரை அந்த இடத்தில் வாவியைப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். இப்போது சில நிமிடத்தில் மறுகரை. கொக்கட்டிச்சோலையைத் தாண்டி உள்ளே போகப் போகக் கிரவல் வரும். கிரவலில் எல்லோரையும் வாட்டுவது அந்தத் தகர நெளிவு. குறுக்காக வரிவரியாக, கூரைத் தகரத்தை விரித்துப் போட்டதுபோல. வாகனங்களின் ஸ்பிரிங்தான் காரணம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2007 இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, ஸ்பிரிங் எதுவும் இல்லாத சாதாரணச் சில்லை அதன்மேல் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். அப்போதும் நெளிவு உண்டானது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓட்டினால் மட்டும் உண்டாகவில்லை. தளர்ந்த மண்ணும் வேகமும் சேர்ந்தால் போதும், நெளிவு தானாகப் பிறக்கும். கிரேடர் போட்டுச் செப்பனிட்ட வீதி ஒரு மாரி கழிவதற்குள் திரும்ப நெளிந்துவிடுவதில் வியப்பில்லை.

அந்த நெளிவிலும் வேர்களிலும் சீற்றில் உட்கார்ந்தபடி போகக் கூடாது. இன்னொரு சின்னக் கணக்கு. பத்து சென்ரிமீற்றர் உயர வேர் ஒன்றின்மேல் ஏற, 80 கிலோவையும் தூக்கினால் செலவாகும் சக்தி சுமார் 78 யூல். பெடல்களில் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கிச் சைக்கிளை மட்டும் எழும்ப விட்டால் 15 யூல். அந்தச் சக்தி நம் வேகத்திலிருந்துதான் கழிபடும். கால்களும் கைகளும் மடங்கத் தயாராக இருந்தால் அவையே ஸ்பிரிங். எங்களோடு வரும் தம்பி ஒருவனுக்கு இதை வாயால் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், வரவில்லை. ஒரு நாள் அவனைப் பின்னால் வரவிட்டு, "என்ர தலையப் பார்" என்றேன். சைக்கிள் துள்ளுகிறது, தலை ஒரே மட்டத்தில் போகிறது. அன்றே பிடித்துக்கொண்டான்.

கிரவல் வளைவுகள்தான் அதிகம் காயப்படுத்துபவை. இறுகிய தரையின்மேல் உருளைக் கற்கள் சிதறிக் கிடப்பது சீமெந்துத் தரையில் பயறு கொட்டியதுபோல. ரயர் நிலத்தைப் பிடிக்கும் பிடிக்கு ஒரு மொத்த அளவுண்டு. பிறேக்கும் திரும்பலும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இது நேரான கழித்தல் அல்ல, செங்கோண முக்கோணக் கணக்கு. பிடியில் 80 வீதத்தைப் பிறேக்குக்குச் செலவிட்டால் திரும்ப 60 வீதம் மிஞ்சும். நூறையும் பிறேக்குக்குக் கொடுத்தால் திரும்ப ஒன்றுமே மிஞ்சாது, சில்லு நேராக வழுக்கும். அதனால் பிறேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வயல் வரம்பில் சிக்கல் வேறு. ஒரு அடி அகலம், இரண்டு பக்கமும் சேறு, பயத்தில் வேகம் தானாகக் குறையும். வேகம் குறையக் குறைய உடலுக்கு அடியில் சில்லைக் கொண்டுவர ஹான்டிலை அதிகம் திருப்ப வேண்டியிருக்கிறது, அலைவு பெருக்கிறது, வரம்பு போதாமல் போகிறது. சற்று வேகமாக ஓடுவதே பாதுகாப்பு. கண்ணும் தூரத்தில் இருக்க வேண்டும். மணிக்கு 12 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு மூன்று மீற்றருக்கு மேல். சில்லுக்கு முன்னால் இரண்டு மீற்றரில் இருப்பதைக் கண்டு, யோசித்து, கை அசைவதற்குள் அதைக் கடந்துவிடுவோம். மாரியில் வரம்பு ஊறியிருக்கும்போது நாங்கள் அதில் ஏறுவதே இல்லை. ரயர் கீறிய கோட்டில் நீர் வழி கண்டால் வரம்பு உடையும். உடைந்தால் நட்டம் அந்த வயல்காரருக்கு.

தாந்தாமலைப் பக்கத்துச் சரிவுகளில்தான் பிறேக்கைப் பற்றிச் சரியாகக் கற்றேன். உட்கார்ந்திருக்கும்போது எடையில் சுமார் 60 வீதம் பின்சில்லில் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பிறேக் பிடித்தால் அதில் பாதி முன்னுக்குப் போய்விடும். பத்தில் ஆறு பங்கானால் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். 15 பாகைச் சரிவில் வேகம் கூடாமல் பிடித்து இறங்குவதற்கே பின்சில்லின் சுமை 60 இலிருந்து 33 வீதத்துக்கு இறங்கிவிடும். முன்பிறேக் ஆபத்து என்று பின்பிறேக்கை மட்டும் அழுத்துகிறவர்கள் எடையில்லாத சில்லைப் பிடித்துக்கொண்டு வழுக்கி வருகிறார்கள். நிறுத்தும் வலு முன்சில்லில் இருக்கிறது. இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் கொண்டுபோய், முன்பிறேக்கை ஒரு விரலால் மெல்ல மெல்ல இறுக்க வேண்டும், சடாரென்று அல்ல. கலிபோர்னியாவில் 1976 இல் தொடங்கிய மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்றுக்கு 'ரீபாக்', அதாவது 'திரும்ப அடைப்பது', என்று பெயர். அன்றைய சைக்கிள்களில் பிறேக் பின்சில்லின் ஹப்புக்குள் இருந்தது. ஒரே இறக்கத்தில் சூடேறிக் கிரீஸ் புகையாகப் போய்விடும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. வெயில் நன்றாக ஏறிய பிறகு போய், பின்னேரத்துக்கு முன் திரும்பிவிடுவோம். தனியே யாரையும் விடுவதில்லை.

திரும்பும் வழியில் தார் றோட்டுக்கு ஏறியதும் நின்று பம்பை எடுப்போம். இறக்கிய காற்றோடு தாரில் ஓடினால் கால் கடுக்கும். அதோடு, ஒரு குழியில் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கினால் பாம்பு கொத்தியதுபோல இரண்டு ஓட்டை விழும், இரண்டுக்கும் ஒட்டுப் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை நல்ல தண்ணீரால் சைக்கிளைக் கழுவுவது. உப்பு நீர் மின்னைக் கடத்தும், துரு அதில் விரைவாக ஓடும். சங்கிலி எண்ணெயில் ஒட்டிய மணல் பற்களை அரம்போலத் தேய்க்கும். கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, சங்கிலிக்குப் புது எண்ணெய் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி. அதற்குப் பிறகுதான் சோறு.