யட்சி: இயக்கியும் இசக்கியும்

மலையாளத் திகில் படங்களில் பழகியவர்களுக்கு யட்சி என்றதும், வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமாகப் பனையடியில் நின்று, தனியே வரும் ஆணிடம் சுண்ணாம்பு கேட்பவளே நினைவுக்கு வருவாள். அவளைத் தமிழில் எந்தச் சொல்லால் எழுதுவது என்பதே இங்குக் கேள்வி. வடமொழி யக்ஷீ பாலியில் யக்கி ஆயிற்று. தமிழில் யகரம் ஆகாரத்தோடு மட்டுமே சொல்லுக்கு முதலாகும் என்பதால், முன்னே இகரம் சேர்ந்து இயக்கி என வழங்கியது. உயிர் உசிரானது போல, நாட்டு வழக்கில் அதுவே இசக்கி ஆனது. கணினித் துறையினர் சொல்லும் இயக்கி வேறு; அது இயக்கு என்னும் வினையிலிருந்து வந்தது.

சிலப்பதிகாரத்தில் மாதரி, மதுரைப் புறஞ்சேரியில் 'பூங்கண் இயக்கி'க்குப் பால்மடை (பால்சோற்றுப் படையல்) கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். அங்கே அச்சத்தின் சாயலே இல்லை. சமணத்தில் இயக்கியர் தீர்த்தங்கரரின் காவல் தெய்வங்கள். எங்கள் குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப் பாறையில் அம்பிகா இயக்கியை இன்றும் காணலாம். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் கோயில் கொண்டவள் இசக்கி. இப்பகுதி மண்சிலைகளில் அவள் ஒரு பிள்ளையைக் கையில் ஏந்தி, இன்னொன்றைப் பல்லில் கடித்திருப்பாள். பிள்ளை வரம் வேண்டுவோர் அவளுக்கே தொட்டில் கட்டுவார்கள். நகைக்காக வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண் பழிவாங்க வந்த கதையாக அவள் வரலாற்றை வில்லுப்பாட்டில் பாடுவார்கள். ஆணின் குற்றவுணர்ச்சிதான் அவளைப் பேயாகவும் தெய்வமாகவும் ஆக்கியது என்பது என் கருத்து.

திரைப்படம் எடுத்துக்கொண்டது அந்தக் குற்றவுணர்ச்சியைத்தான். சேதுமாதவன் இயக்கிய 'யட்சி' (1968) படத்தில், ஆய்வக விபத்தில் முகம் சிதைந்த வேதியியல் விரிவுரையாளர், தம்மை விரும்பி வந்த அழகி யட்சியோ என்று ஐயுற்று அழிகிறார். படித்து முன்னேறிய கேரளத்தில், தன் தகுதியை நம்ப முடியாத ஆணின் அச்சம் அது. கேரளத்தின் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்துக்கு (1975) பிறகு வந்த 'மணிச்சித்திரத்தாழ்' (1993), பழைய தறவாட்டின் (கூட்டுக்குடும்பப் பெருவீட்டின்) பூட்டிய அறைக்குள் அந்த அச்சத்தை வைத்தது. அதில் குடும்பத் தலைவரான காரணவர் அடைத்து வைத்துக் கொன்ற நாகவல்லி தஞ்சாவூர்த் தமிழச்சி. நாயகியின் மனப்பிளவு முற்றும்போது அவள் வாயில் வருவது தமிழ். அதே கதை 'சந்திரமுகி'யாக (2005) இங்கே வந்தபோது அவள் தெலுங்கு பேசினாள். வீட்டுக்குள் நடந்த கொடுமைக்கு அண்டை மொழிக்காரியைப் பேயாக்கும் இந்த வழக்கம், மலையாளமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் எங்களுக்குச் சற்று உறுத்தவே செய்யும்.

யட்சிக்கு மோகினி என்று எழுதுவது பொருந்தாது. மோகினி திருமால் கொண்ட வடிவம். பேய் என்றால் வழிபாடு விடுபட்டுவிடும். பொதுவாக எழுதும்போது இயக்கி என்பதே தக்க சொல். குமரி, நெல்லை வழிபாட்டைக் குறிக்கும்போது இசக்கி. மலையாளப் படத்தின் பாத்திரத்தைச் சொல்லும்போது மட்டும் யட்சி என்றே விட்டுவிடலாம்.