கீலுக்கு வந்த கேடு

"இரண்டு லட்சம் மடிப்புகளைத் தாங்கும் மடிப்பு, திரையில் மடிப்பே தெரியாது." மடக்கும் போன் ஒன்றைப் பற்றிய அறிமுகத்தில் இப்படி ஒரு வரி படித்தேன். முதல் மடிப்பு, எத்தனை முறை மூடித் திறக்கலாம் என்ற கணக்கு. இரண்டாவது, இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகப் பொறி. மூன்றாவது, திரையின் நடுவே விழும் தடம். மூன்று பொருளுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, எது எது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு தடவை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இப்போது எங்கு பார்த்தாலும் இதுதான்.

அந்த இரண்டாவது பொருளை ஆங்கிலத்தில் ஹிஞ்ச் என்பார்கள். தமிழில் அதற்குப் பெயர் கீல். தச்சரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பிணைச்சல் என்றும் சில இடங்களில் வழக்கு உண்டு.

பிறப்புக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஹிஞ்ச் என்பது தொங்குதல் என்ற பொருளுள்ள ஆங்கில வினையோடு உறவுடையது. கதவு அதில் தொங்குகிறது, அவ்வளவுதான். தமிழில் கீல் என்பது கதவுக்கு மட்டும் உரியதல்ல. உடம்பின் மூட்டுச் சந்தும் கீல்தான். கீல்வாதம் என்று சொல்லும்போது நாம் யாரும் கதவை நினைப்பதில்லை. வடமொழியில் கீல என்றால் முளை, ஆணி. அங்கிருந்து வந்த சொல் இது என்பவர்கள் உண்டு. வந்திருக்கட்டுமே. முழங்காலுக்குள்ளும் கதவு நிலையிலும் இத்தனை காலம் புழங்கிய சொல்லை இனி எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது?

சரி, மடிப்பு ஏன் தவறு? தமிழில் மடிப்பதும் மடக்குவதும் ஒன்றல்ல. துணியை மடிக்கிறோம், காகிதத்தை மடிக்கிறோம். கத்தியை, நாற்காலியை, குடையை மடக்குகிறோம். காலையும் விரலையும்கூட மடக்கத்தான் செய்கிறோம். தானே வளைந்துகொடுக்கும் பொருள் மடிகிறது. விறைப்பான பொருள், நடுவில் ஒரு கீல் இருப்பதால், மடங்குகிறது. இலக்கணப் புத்தகம் யாரும் சொல்லித் தராமலே நம் வாயில் சரியாக வருகிற வேறுபாடு இது. மடக்குக் கத்தியை மடிப்புக் கத்தி என்று யாராவது சொன்னால் காது கூசும்.

இந்தப் போனின் முழுச் சிக்கலும் இந்த இரண்டு வினைகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. திரை மடிகிறது, உடல் மடங்குகிறது. இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் கீலை வடிவமைப்பவரின் தலைவலி. திரைக்கும் போனின் முதுகுக்கும் இடையே 3 மி.மீ. தூரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரைவட்டமாக வளைக்கும்போது திரை ஓடும் தூரத்தைவிட முதுகு 9 மி.மீ.க்கு மேல் அதிகமாக ஓட வேண்டும். திரையோ இம்மியும் நீளாது, சுருங்காது. ஆகவே முதுகு பிளந்து வழிவிட வேண்டும். அந்தப் பிளவை மூடத்தான் போனை மூடியதும் ஓரத்தில் முதுகுத்தண்டு மாதிரி ஓர் உலோகப் பட்டை தெரிகிறது. கதவுக் கீலில் ஓர் அச்சாணி போதும். இங்கே அருகருகே இரண்டு அச்சுகள், இரு பாதியும் ஒரே அளவு திரும்புவதற்குப் பற்சக்கரங்கள், எந்தக் கோணத்திலும் நிற்பதற்குச் சுருள்வில்லும் அதை அழுத்தும் மேடு பள்ளமான உருளையும். மூடும்போது உள்ளே இருக்கும் தகடுகள் ஒதுங்கி, திரைக்கு நீர்த்துளி வடிவில் இடம் விடுகின்றன. திரை கூர்மையாக நசுங்காமல் சற்றே அகலமாக வளைந்துகொள்ளும். இரு பாதியும் இடைவெளி இல்லாமல் படியும். ஓப்போ 2021இல் வெளியிட்ட ஃபைண்ட் என் போனின் கீலில் மட்டும் 136 உதிரிகள். இவ்வளவு வேலை செய்கிற பொறியை 'மடிப்பு' என்பது, முழங்காலைக் 'காலில் உள்ள சுருக்கம்' என்பதைப் போல.

அடுத்த கட்சி, 'கீல் என்றால் கதவுதான் நினைவுக்கு வரும், புதுப் பொருளுக்குப் புதுச் சொல் வேண்டும்' என்பவர்கள். இவர்கள் கையில் இருப்பது 'மடக்கிணைப்பி'. மடக்குவது, இணைப்பது, கடைசியில் ஓர் 'இ'. இந்த இ, ப்பி, ப்பான் வகையறாக்கள் மேல் எனக்குத் தனிக் கோபமே உண்டு. எதன் வேலையையும் கேட்டு எழுதிக்கொண்டு, வாலில் ஒரு விகுதியை ஒட்டினால் கலைச்சொல் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். பசையும் இணைக்கிறது, திருகாணியும் இணைக்கிறது. கீலின் தனித்தன்மை இணைப்பதில் இல்லை. இணைத்த பிறகும் சுழல விடுவதில் இருக்கிறது. கீல் என்று இரண்டெழுத்தில் சொல்வதை விட்டுவிட்டு ஏழெழுத்துப் பெயரை நீட்டி வைத்திருக்கிறார்கள். சொல்லிப் பாருங்கள், நாக்குக்கே ஒரு கீல் தேவைப்படும். 'மூட்டு' என்பவர்கள் இவர்களைவிடத் தேவலை. ஆனால் துணியின் இரு விளிம்பைச் சேர்த்துத் தைப்பதும் மூட்டுவதுதான், அது அசையாது. எல்லாக் கீலும் ஒருவகை மூட்டு. எல்லா மூட்டும் கீல் ஆகாது.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்களுக்கு 2019ஐ நினைவூட்ட வேண்டும். சாம்சங்கின் முதல் ஃபோல்ட் போன் ஏப்ரலில் விற்பனைக்கு வர இருந்தது. மதிப்பாய்வுக்குக் கொடுத்த சில போன்களில் திரை பழுதானதால் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. காரணங்களில் ஒன்று, கீலின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இருந்த இடைவெளி. அதன் வழியே துகள் புகுந்து திரைக்கு அடியிலிருந்து குத்தியது. பிறகு அந்த முனைகளில் மூடி வைத்தார்கள். இதை 'மடிப்பில் தூசி புகுந்தது' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? திரை நடுவில் உள்ள கோட்டில் தூசி படிந்திருக்கிறது, துடைத்தால் போயிற்று என்றுதானே! மொழிபெயர்ப்பவர் பொருளைக் கையில் எடுத்து ஒரு முறை திறந்து மூடிப் பார்த்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. சொல்லைப் பார்த்துச் சொல் போடுகிற வழக்கத்தின் விளைவு இது.

அப்புறம் அந்தத் தடம். திரையில் கண்ணாடி இருக்கிறதே, அதன் தடிமன் 0.03 மி.மீ. என்றால் 1.5 மி.மீ. ஆரத்தில் வளைக்கும்போது வெளிப்பரப்பு ஏறக்குறைய 1 சதவீதம் இழுபடும். கண்ணாடி அதைத் தாங்கிவிடும். ஆனால் அதன்மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக், பசை அடுக்குகள் வளைந்த நினைவை விடுவதில்லை, கோடு விழுகிறது. இதற்கு மடிப்புத்தடம் என்ற சொல் போதும். மடிப்பு என்பதைச் செயலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

போனின் பெயரிலும் ஒரு வம்பு இருக்கிறது. மடிபேசி என்று சிலர் எழுதுகிறார்கள். மடிக்கணினி என்பதே மடியில் வைப்பதாலா, மடிப்பதாலா என்று பலருக்குக் குழப்பம். மடியில் வைப்பதால்தான் அந்தப் பெயர். அதன் பக்கத்தில் மடிபேசியைக் கொண்டுவந்து நிறுத்தினால் மடியில் வைத்துப் பேசுவது போலிருக்கிறது. மடக்குபேசி என்றால் மடக்குக் கத்தியோடும் மடக்கு நாற்காலியோடும் ஒழுங்காகச் சேர்ந்துகொள்ளும். 2024இல் ஹுவாவே மூன்றாக மடங்கும் போனைக் கொண்டுவந்தது. அதில் ஒரு பக்கம் உள்நோக்கி மடங்குகிறது, மறுபக்கம் வெளிநோக்கி. உட்கீல், வெளிக்கீல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கும் யாரோ 'இரட்டை மடிப்பு' என்று எழுதியிருக்கிறார்கள்.