வேக சார்ஜிங்: கிராஃபைட்டின் கடைசி 80 மில்லிவோல்ட்

"பேட்டரியிலிருந்து சட்டென்று நிறைய மின்சாரத்தை உருவ முடிகிறது. அதே வேகத்தில் ஏன் நிரப்ப முடிவதில்லை? அயனி போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வழி ஒன்றுதான். ஆனால் போகிற திசையில் ஒரு பள்ளம் இருக்கிறது, வருகிற திசையில் அது இல்லை.

பள்ளிப் பாடத்தில் படித்ததை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். லித்தியம்-அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கேத்தோடிலிருந்து கிளம்பி, மின்பகுதிரவத்தில் நீந்தி, ஆனோடுக்குள் புகுகின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்று வழியாக அங்கேயே வந்து சேர்கின்றன. பேட்டரியைப் பயன்படுத்தும்போது எல்லாம் தலைகீழ். இவ்வகைப் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றில் ஆனோடு என்பது செம்புத் தகட்டின்மேல் பூசிய கிராஃபைட் தூள். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் வீதம் அது இடம் தரும். கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி, அதுதான் உச்சம்.

ஆனோடின் மின்னழுத்தத்தை அளக்கும்போது லித்தியம் உலோகத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்வார்கள். நிரம்பும் நிலையில் கிராஃபைட் அந்தப் பூஜ்யத்துக்கு மேலே ஏறத்தாழ 0.08 வோல்ட் உயரத்தில் நிற்கும். இவ்வளவு தாழ்வாக இருப்பதால்தான் கேத்தோடுடன் உள்ள வித்தியாசம் பெரிதாகி, பேட்டரிக்கு நல்ல வோல்டேஜ் கிடைக்கிறது. ஆபத்தும் அங்கேயேதான். மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட ஆனோடின் மின்னழுத்தம் இன்னும் கீழே தள்ளப்படும். 80 மில்லிவோல்ட் சறுக்கினால் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். அதன்பின் அயனிகள் கிராஃபைட்டுக்குள் புகாமல், அதன் முதுகிலேயே உலோகமாகப் படியத் தொடங்கலாம். படிந்ததில் ஒரு பங்கு தொடர்பறுந்து, மின்பகுதிரவத்தோடு வினைபுரிந்து, திரும்பாமலே போகும். பேட்டரியின் கொள்திறன் குறையும். மோசமான நிலையில் ஊசிபோல வளர்ந்து, ஆனோடையும் கேத்தோடையும் ஒட்டவிடாமல் நடுவே நிற்கும் பிரிப்புத் தாளைத் துளைத்து உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். காலியாகும்போதோ ஆனோடின் மின்னழுத்தம் மேல்நோக்கி ஏறுகிறது. அந்தப் பக்கம் பள்ளமே கிடையாது.

சரி, எங்கே தாமதமாகிறது? முதல் தடை வாசலிலேயே. மின்பகுதிரவத்தில் லித்தியம் அயனி தனியாகத் திரிவதில்லை. ஏறத்தாழ நான்கு கரைப்பான் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து பிடித்திருக்கும். அவற்றை உதறினால்தான் கிராஃபைட்டின் மேலுள்ள மெல்லிய பாதுகாப்புப் படலத்தைக் கடந்து உள்ளே நுழைய முடியும். உதறுவதற்கு ஆற்றல் வேண்டும், அதனால் குளிர் கூடினால் இந்த வேலை படுமந்தமாகிவிடும். பேட்டரியை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்ற நம்பிக்கை இன்னமும் உலவுகிறது. உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரியை சார்ஜில் போடுவதுதான் உலோகம் படியச் சுருக்கு வழி. அந்த யோசனையை யார் கிளப்பிவிட்டார்களோ!

உள்ளே நடப்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம். கிராஃபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு. லித்தியம் தாளைத் துளைத்துப் போகாது. விளிம்பு வழியாக இரு தாள்களுக்கு நடுவே செருகிக்கொள்ளும். 0.335 நானோமீட்டர் இடைவெளி 0.37 ஆக விரியும். வேடிக்கை என்னவென்றால், லித்தியம் எல்லா இடைவெளிகளிலும் சமமாகப் பரவுவதில்லை. ஒட்டிக்கிடக்கும் புதுப் புத்தகத்தின் தாள்களைப் பிரிப்பதுபோல, ஒவ்வொரு இடைவெளியையும் திறக்க ஒரு செலவு உண்டு. ஒன்றைத் திறந்தபின் அதையே நிரப்புவது லாபம். அதனால் முதலில் நான்கு இடைவெளிக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, கடைசியில் எல்லாம் என்று கட்டம் கட்டமாக நிரம்புகிறது.

நான்குக்கு ஒன்று இருந்தது எப்படி மூன்றுக்கு ஒன்றாக மாறும்? ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாண்ட லித்தியத்தால் முடியாதே. 1969-இல் தோமா, எரோல்டு என்ற இரு ஆய்வாளர்கள் அழகான விடை சொன்னார்கள். உண்மையில் எல்லா இடைவெளிகளிலும் லித்தியம் இருக்கிறது, ஆனால் தீவுகளாக. கார்பன் தாள்கள் அந்தத் தீவுகளைச் சுற்றி வளைந்துகொள்கின்றன. கட்டம் மாறும்போது தீவுகள் பக்கவாட்டில் நகர்ந்து இடம் மாற்றிக்கொண்டால் போதும், யாரும் சுவரைத் தாண்ட வேண்டியதில்லை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லித்தியம் தன் எலக்ட்ரானைக் கார்பன் தாள்களுக்குக் கொடுக்கக் கொடுக்க, அவை ஒளியைத் திருப்பும் விதம் மாறுகிறது. கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்த கிராஃபைட் கருநீலமாகி, பாதி நிரம்பியதும் செம்மையாகி, முழுதும் நிரம்பியதும் பொன்னிறமாக மின்னும். கண்ணாடிச் சன்னல் வைத்த செல்லை நுண்ணோக்கியில் வைத்து வேகமாக சார்ஜ் செய்தால், துகளின் விளிம்பு பொன்னாகிவிட்டிருக்கும், உள்ளே இன்னும் நீலம். அந்தப் பொன் விளிம்பில்தான் உலோக லித்தியம் முளைக்கிறது. உள்ளே எத்தனையோ இடம் காலி, ஆனால் வாசல் நெரிசல். சார்ஜ் 80 சதவீதத்தை நெருங்கும்போது கருவிகள் மின்னோட்டத்தைக் குறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதை ஒரு துகளோடு நிற்பதில்லை. பூச்சு முழுவதிலும் இதே நிற வரிசைதான்: பிரிப்புத் தாள் பக்கம் பொன், செம்புப் பக்கம் சாம்பல். கிராஃபைட் செதில்களை உருளையில் அழுத்தும்போது அவை படுத்துக்கொள்வதால், அயனிகள் வளைந்து வளைந்து போக வேண்டியிருக்கிறது. லேசரால் நுண்துளை போடுவது, காந்தப்புலத்தால் செதில்களை நிமிர்த்துவது, துகளைச் சிறிதாக்கிக் கார்பன் மேற்பூச்சு கொடுப்பது எல்லாம் இந்த நெரிசலுக்கான வைத்தியம்.

பள்ளத்தை விட்டே விலகிவிடலாம் என்பது இன்னொரு வழி. கிராஃபைட்டுக்குப் பதில் ஆனோடாக வைக்கும் லித்தியம் டைட்டனேட் 1.55 வோல்ட்டில் வேலை செய்கிறது, உலோகம் படியும் பேச்சே இல்லை. லித்தியம் புகுந்தாலும் பருமன் கிட்டத்தட்ட மாறாது, ஆயிரக்கணக்கான முறை தாங்கும். ஆனால் கிராமுக்கு 175 மில்லிஆம்பியர்-மணிதான். செல்லின் வோல்டேஜும் இறங்கிவிடும். 2018-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நியோபியம்-டங்ஸ்டன் ஆக்சைடுகளில், நானோ அளவுக்குப் பொடிக்காமலேயே, அயனிகள் மிக வேகமாக ஓடுவதைக் காட்டினார்கள். அமைப்பிலேயே திறந்த சுரங்கப்பாதைகள் இருப்பதுதான் ரகசியம். வோல்டேஜ் விலையை இங்கேயும் கொடுத்தாக வேண்டும்.

சிலிக்கான் எதிர்த் திசை. கிராமுக்கு 3,579 மில்லிஆம்பியர்-மணி கொள்ளும் என்பதால் பூச்சை மெல்லியதாக்கலாம், அயனி கடக்க வேண்டிய தூரம் குறையும். ஆனால் நிரம்பும்போது பருமன் மூன்று, நான்கு மடங்காக வீங்கி, பாதுகாப்புப் படலத்தைக் கிழித்துக் கிழித்துப் புதிதாகக் கட்ட வைக்கும். கிராஃபைட்டில் கொஞ்சமாகக் கலந்து பயன்படுத்துவது அதனால்தான்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை. "ஐந்து நிமிடத்தில் சார்ஜ்" என்று தலைப்பிட்டு வரும் அறிவிப்புகள் பலவற்றில் பூச்சின் தடிமனைத் தேடிப் பாருங்கள். ஒரு சில மில்லிகிராம் தூளை மெல்லிசாகத் தடவினால் எந்தப் பொருளும் வேகமாகத்தான் சார்ஜ் ஆகும். நிஜ பேட்டரியின் தடிமனில் அந்த வேகம் நிற்குமா என்பதே கேள்வி. புதுப் பொருள் என்றால் நிதி கிடைக்கிறது. பழைய கிராஃபைட்டில் துளை போட்டு, ஆயிரம் சுழற்சி ஓட்டி, பொறுமையாக அளப்பவருக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. 2019-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்தது புதுப் பொருளே அல்ல: செல்லுக்குள் மெல்லிய நிக்கல் தகட்டை வைத்து, 60 டிகிரிக்குச் சூடாக்கிப் பத்தே நிமிடம் சார்ஜ் செய்து, பிறகு குளிரவிட்டார்கள். சூட்டில் அயனி கரைப்பானை உதறுவதும் எளிது, கிராஃபைட்டுக்குள் ஓடுவதும் எளிது. வெப்பம் நீடிக்காததால் செல் சீக்கிரம் மூப்படையவும் இல்லை.