விழாத அடி

எனக்கு அப்போது 14 வயது. மொரிஷியஸின் மேற்குக் கரையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து, சவுக்குமர நிழலில் பாய் விரித்திருந்தோம். தாய்மாமா சருகைக் குவித்துத் தீ மூட்டி, ரவானைச் சாய்த்துப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அகலமான மரவளையத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய கருவி அது. நம் ஊர்த் தப்பைத் தீயில் காட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கட்டைவிரலால் ஒரு தட்டு, காதைக் கொடுத்துக் கேட்பார், மறுபடி தீ. ‘தொப்’ என்று கிடந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக ‘தங்’ என்று பேச ஆரம்பித்தது.

தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். சூடு பட்டு ஈரம் போனதும் இழைகள் சுருங்கித் தோல் இறுகும். இழுவிசை நான்கு மடங்கு ஆனால்தான் அதிர்வெண் இரண்டு மடங்கு ஆகும். அதனால் இந்த வேலையில் அவசரம் கூடாது.

பிறகு சேகா தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்தத் தீவில் வளர்த்த பாட்டும் ஆட்டமும் அது. ரவான், உள்ளே விதைகள் உருளும் மரவான், கூடவே ஒரு முக்கோணக் கம்பி. ஆறு சின்ன அடிகள் கொண்ட சுழற்சி. அதைத் ‘தகிட தகிட’ என்று இரண்டு மூன்றாகவும் எண்ணலாம், ‘தக தக தக’ என்று மூன்று இரண்டாகவும் எண்ணலாம். நான் அப்போது நாலு வருஷமாக மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தவன். என் விரல்கள் தொடையில் தானாகத் திஸ்ரம், அதாவது மும்மூன்றாக எண்ணும் நடை, போட்டன. ஐந்து நிமிஷமாவது ஒரே நடை போயிருக்கும். திடீரென்று, கனமான அடி விழ வேண்டிய இடத்தில், மாமா கையை ஓங்கினார்; அடிக்கவில்லை. கம்பியின் ‘கிணிங்’ மட்டும் தனியாகக் கேட்டது. அடுத்த சுற்றில் அடி விழுந்தது.

ஒரு நொடிகூட இருக்காது. முழங்கையிலிருந்து பிடரிவரை மயிர் நட்டுக்கொண்டு நின்றது. இன்றுவரை நான் மிருதங்கத்தில் தேடுவது அந்த ஒரு நொடியைத்தான்.

அங்கே கேட்க எதுவுமே இல்லை என்பதுதான் என்னை வெகுநாள் குழப்பியது. காதில் விழாத ஓர் அடிக்கு உடம்பு ஏன் சிலிர்க்க வேண்டும்?

இதற்கான விடையின் ஒரு முனை ஹங்கேரியில் கிடைத்தது. 2009-ல் ஆய்வாளர் இஷ்ட்வான் விங்க்ளரும் அவருடைய குழுவினரும், பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன, தூங்கிக்கொண்டிருந்த 14 குழந்தைகளுக்கு டிரம்ஸ் தாளம் ஒன்றை ஒலிக்கவிட்டார்கள். தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையலைகளைப் பதிவு செய்தார்கள். இடையிடையே ஓர் அடியை எடுத்துவிட்டார்கள். முக்கியமில்லாத அடியை எடுத்தபோது குழந்தைகளின் மூளை அதைப் பொருட்படுத்தவில்லை. சுழற்சி தொடங்கும் முதல் அடியை, நாம் சமம் என்று சொல்லும் இடத்தை, எடுத்தபோது அலையில் தெளிவான மாற்றம் தெரிந்தது. தொப்புள்கொடி காயாத பிள்ளைக்கும், தூக்கத்திலும், சமம் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்திருக்கிறது! இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆக, கேட்பது என்பது வருவதை வாங்கிக்கொள்வது மட்டும் இல்லை. மூளை அடுத்த ஒலியை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, வருவதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நாம் அசையாமல் உட்கார்ந்து தாளம் கேட்கும்போதும், உடலசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன. வாசிப்பவருக்கு இது இன்னும் தீவிரம். அவர் காது எதிர்பார்க்கும்போது கையும் எதிர்பார்க்கிறது. மாமா விட்ட அடியை என் கை ஏற்கெனவே பாதி அடித்திருந்தது.

சிலிர்ப்பு எங்கிருந்து வருகிறது? மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஸடோரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். தங்களைச் சிலிர்க்கவைக்கும் இசையைக் கேட்பவர்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது பெட் ஸ்கேனிலும் எம்ஆர்ஐயிலும் மூளையைப் பார்த்தார்கள். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் இரண்டு கட்டமாக வேலை செய்வது தெரிந்தது. அந்த இடம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே, எதிர்பார்ப்பின்போது, காடேட் என்ற பகுதி விழிக்கிறது. உச்சத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற இன்னொரு பகுதி பொறுப்பேற்கிறது. பசிக்குச் சோறு கிடைக்கும்போது இயங்கும் அதே ஏற்பாடுதான். டோபமைனைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தால் இசையின் இன்பம் கூடுகிறது, அதைத் தடுக்கும் மருந்தில் குறைகிறது என்று 2019-ல் இன்னோர் ஆய்வு காட்டியது.

எந்த மாதிரி இடங்கள் நம்மை இப்படிப் பிடிக்கின்றன என்று இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-லேயே 83 பேரிடம் கேட்டிருந்தார். ‘இந்தப் பாட்டு’ என்ற பொதுவான பதில் போதாது, எந்த இடம் என்று சொல்லச் சொன்னார். கண்ணீர் வந்ததாகச் சொன்ன இடங்களில் ஒரு கூறு திரும்பத் திரும்ப வந்தது: போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்து ஸ்வரத்தில் சற்றே தங்கி, பிறகு இறங்குவது. நமக்கு இது புதிதா? கல்யாணி ராக ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் (ஸ) தொடாமல், அதற்கு முந்தைய நிஷாதத்திலேயே (நி) பாடகர் நிற்கும்போது சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்குமே, அந்த இடம்தான்.

ஆனால் எல்லாச் சிலிர்ப்பும் ஏமாற்றத்தில் பிறப்பதில்லை. இங்கே மொரிஷியஸில் கோர் தெ கார்ட் மலையடிவாரத்தில் தைப்பூசக் கூட்டத்தில் நின்று பாருங்கள். தவில்காரர் கடைசிக் கோர்வையை, மூன்று தடவை வந்து முடியும் சொற்கட்டை, எடுக்கிறார். முதல் தடவை கணக்கு பிடிபடாது. இரண்டாம் தடவை உருவம் தெரியும். மூன்றாம் தடவை காது முன்னாடியே ஓடிப்போய் எடுப்பில், பாட்டு தொடங்கும் இடத்தில், நின்றுகொள்ளும். கோர்வை சரியாக அங்கே வந்து விழும்போது, தோளில் காவடி உள்ளவர்கூடத் தலையசைப்பார்.

மாமா விட்ட அடியும் தவிலின் கோர்வையும் எதிரெதிர் வேலைகள். 2019-ல் வின்சென்ட் சியூங்கும் ஸ்டெஃபான் கெல்ஷும் சக ஆய்வாளர்களும் 745 அமெரிக்கப் பாப் பாடல்களின் சுமார் 80,000 ஸ்வரக்கூட்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், கார்டுகள்) அலசியபோது இந்த இரண்டுமே கிடைத்தன. அடுத்து வருவது இதுதான் என்று உறுதியாக இருக்கையில் வேறொன்று வந்தால் இன்பம். என்ன வரும் என்று தெரியாமல் தவிக்கையில் வர வேண்டியதே வந்தாலும் இன்பம். உறுதி, திகைப்பு, தவிப்பு, நிம்மதி. எங்கள் வித்வான்கள் காலங்காலமாகக் கையில் வைத்திருக்கும் இரண்டு சாவிகள்.

அந்த நொடியைத் தனியாக வைத்துக்கொள்ள நானும் முயன்றேன். பல வருஷம் கழித்து மாமாவின் வாசிப்பை அலைபேசியில் பதிவு செய்து, அடி விடும் இரண்டு நொடியை வெட்டி ரிங்டோனாக வைத்தேன். கம்பிச் சத்தம் ஒன்று, அவ்வளவுதான். முன்னால் போன ஐந்து நிமிஷ நடை இல்லாமல் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

முழுப் பதிவையும் கேட்டால் கதை வேறு. அடி எங்கே விடுபடும் என்று நொடிக்கணக்கில் எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் பிடரி சிலிர்க்கிறது. மும்பையில் பிறந்த அறிவியலாளர் ஜம்ஷெட் பருச்சா இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். நம்மிடம் இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. இந்தக் குறிப்பிட்ட பாட்டில் என்ன வரும் என்பது ஒன்று. அது நினைவிலிருந்து வருவது. இப்படிப்பட்ட இசையில் வழக்கமாக என்ன வரும் என்பது மற்றொன்று. அது பல்லாயிரம் முறை கேட்டு ஊறியது, தானாக ஓடுவது, நினைவு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதது. எனக்குத் தெரிந்தாலும் என் காதுக்குத் தெரியாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஒருமுறை மாமாவிடம், “எந்தச் சுத்துல விடணும்னு எப்படி முடிவு பண்றீங்க மாமா?” என்று கேட்டேன். அவர் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: “ஆடுறவங்க காலப் பாரு. எல்லாக் காலும் ஒண்ணா விழுந்தப்புறம்தான் விடலாம்.”

என்னிடம் மிருதங்கம் கற்கும் பெண் ஒருத்தி போன வாரம் ஆதி தாளத்தில் இதை முயன்றாள். மூன்றாவது ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் மூன்றாவது சுற்றிலேயே, சமத்தை விட்டுவிட்டாள். தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி, “அக்கா, விட்டுட்டே” என்றான், தப்பு என்று நினைத்து. மறுபடி தொடங்கச் சொன்னேன். இந்த முறை பன்னிரண்டு ஆவர்த்தனம் நேராகப் போனாள். பதிமூன்றாவதில் கை மேலேயே நின்றது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் விழ வேண்டிய அவன் கையும் அந்தரத்தில் நின்றுவிட்டது.