நிறம் மாறினால் முதலில் கேட்க வேண்டியது

கடற்பஞ்சில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பலர், "நிறம் மாறுது சார், புதுசா ஏதோ இருக்கு" என்று உற்சாகமாக வருவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மாறிய நிறம் பழையபடி திரும்புகிறதா?

திரும்பாத வகைக்கு அப்ளிசினா ஏரோஃபோபா என்ற கடற்பஞ்சைச் சொல்லலாம். மத்தியதரைக் கடலிலும் கேனரித் தீவுகளிலும் வளர்வது. நீருக்குள் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். வெளியே எடுத்துவைத்தால் கருநீலமாகி, பிறகு கறுத்துவிடும். யுரானிடின் என்ற நிறமி செய்யும் வேலை இது. 1984இல் இத்தாலியின் சிமினோ குழுவினர் அதன் அமைப்பை வெளியிட்டார்கள்: 3,5,8-ட்ரைஹைட்ராக்ஸி-4-குயினோலோன். எலக்ட்ரான் மிகுந்த சின்ன மூலக்கூறு என்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. பிறகு ஒன்றோடொன்று பிணைந்து கறுப்புத் திரளாகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பது மாதிரிதான். கறுத்த பஞ்சிலிருந்து யுரானிடினைத் தேடிப் பயனில்லை. (இந்தப் பஞ்சைத் தின்னும் டைலோடினா பெர்வெர்சா என்ற கடல் நத்தையும் இதே நிறமியால் மஞ்சளாகவே திரிகிறது!)

இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்பு கண்ணைப் பறிக்கும் அதே நேரத்தில், நிறமே இல்லாத ஒரு மாற்றமும் உள்ளே நடக்கிறது. திசு காயப்பட்டால் ஐசோஃபிஸ்டுலாரின்-3, ஏரோஃபோபின்-2 போன்ற புரோமின் சேர்மங்களை நொதிகள் உடைத்து, பாக்டீரியாவைத் தடுக்கும் ஏரோபிளைசினின்-1 ஆக்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால், மருந்து தேடுபவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

திரும்பும் வகை வேறு. கடற்பஞ்சுகளில் கிடைக்கும், நைட்ரஜன் உள்ள வளையச் சேர்மங்களான பிரிடோஅக்ரிடின் குடும்பத்தில் பல, நடுநிலைக் கரைசலில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். அமிலம் பட்டால் நைட்ரஜன் புரோட்டானை ஏற்று, நிறம் சிவப்பு, ஊதா என அடர்ந்துவிடும். சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் ட்ரைஃபுளோரோஅசெட்டிக் அமிலம் சேர்த்துப் பிரித்தால் கைக்கு வருவது அந்தச் சேர்மம் அமிலத்தோடு சேர்ந்த உப்புதான். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையில் அதன் குறிகளும் இடம் மாறியிருக்கும். ஒரே சேர்மத்தைப் புதிய சேர்மம் என்று எழுதிவிடும் ஆபத்து இங்கேதான்.

ஆகவே சிறு பகுதியை எடுத்து அம்மோனியா விட்டு நடுநிலையாக்கிப் பாருங்கள். நிறம் திரும்பினால் புரோட்டான் விளையாட்டு. திரும்பாவிட்டால், ஆக்சிஜன் சேர்ந்தோ பிணைந்தோ மூலக்கூறின் எடை கூடியிருக்கிறதா என்று, எடையை அளக்கும் நிறை நிறமாலையில் பார்க்க வேண்டும். அப்ளிசினா மாதிரியை எடுத்த உடனே உறையவைத்து, உறைநிலையிலேயே உலர்த்துங்கள். சாறெடுக்கத் தண்ணீர் கலக்காத மெத்தனால் போதும்; தண்ணீர் சேர்ந்தால் நொதிகள் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.