4கே மானிட்டரை 1080-க்கு இறக்காதீர்கள்

நேற்றும் ஒருவர் வந்தார். மேசையில் ஏற்கெனவே 24 அங்குல, 1920×1080 மானிட்டர் இருக்கிறது. பக்கத்தில் புதிதாக 27 அங்குல 4கே, அதாவது 3840×2160. லினக்ஸில் இணைத்ததும் புதியதில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாகத் தெரிந்திருக்கிறது. உடனே அதையும் 1920×1080-க்கு இறக்கிவிட்டார். அப்புறம் எழுத்து பிசிறடிக்கிறது, மானிட்டரில்தான் கோளாறு என்று திருப்பிக் கொடுக்கப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டார். இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது!

இரண்டுக்கும் ரெசல்யூஷன் (அகலத்திலும் உயரத்திலும் எத்தனை பிக்சல் என்ற கணக்கு) ஒன்றாக இருந்தால்தான் ஒத்துப்போகும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அது தவறு. எழுத்தின் அளவு, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பிக்சல் அடங்குகிறது என்பதைப் பொறுத்தது. அந்த 24 அங்குலத் திரையில் சுமார் 92 பிக்சல். 27 அங்குல 4கே-யில் 163. அதை 1080-க்கு இறக்கினால் 82 ஆகிவிடும். 92-ம் 82-ம் எங்கே பொருந்தின? 83 லட்சம் பிக்சலில் முக்கால் பங்கை வீணாக்கியதுதான் மிச்சம்.

ரெசல்யூஷனை 3840×2160-லேயே விடுங்கள். மாற்ற வேண்டியது ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் பொத்தான்களையும் எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது என்ற அளவு. 163-ஐ 1.75-ஆல் வகுத்தால் 93 வரும். ஆகவே 4கே-வுக்கு 175%, பழையதற்கு 100%. சாளரத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் பாருங்கள், எழுத்தின் அளவு ஏறக்குறைய மாறாது.

சரி, முதலில் அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எக்ஸ்11 (சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடு) என்று இருந்தால், மானிட்டருக்கு ஒரு ஸ்கேலிங் என்பது அங்கே சரிவராது. எல்லாத் திரையையும் சேர்த்து அது ஒரே பெரிய திரையாகத்தான் பார்க்கும். எக்ஸ்ரேண்டர் (xrandr) என்ற கட்டளையை வைத்து ஒட்டுப்போடலாம். நானும் பல வருடம் போட்டிருக்கிறேன். பழைய திரையில் எழுத்து கொஞ்சம் மழுங்கும். இப்போது அந்தப் பாடு வேண்டாம். வெளியேறி, மறுபடி உள்நுழையும்போது எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலாண்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 175% இல்லையென்றால் பின்ன ஸ்கேலிங்கை (100%, 200% என்ற முழு மடங்குகளுக்கு இடைப்பட்ட அளவுகளை) இயக்க வேண்டியிருக்கும்.

வேலாண்டிலும் ஒன்றிரண்டு மென்பொருள் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், அவை பெரும்பாலும் எக்ஸ்வேலாண்ட் (எக்ஸ்11-க்கு எழுதியவற்றை வேலாண்டில் ஓடவைக்கும் பாலம்) வழியாக ஓடுபவை. அதற்காக மொத்தத் திரையின் ரெசல்யூஷனில் கைவைக்காதீர்கள், தயவுசெய்து. கேடிஇ பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் இவை தாமே அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு தேர்வு இருக்கிறது.

மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறதா? கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே வழக்கமாக 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 30 படம். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2; அதுவும் கணினி, மானிட்டர் இரண்டிலும் இருக்க வேண்டும்.